தம்பியின் கால்களும் கல்லொட்டி மீன்களும்

போன மாதம் மகள் என்னைக் கொழும்புக்குக் கூட்டிப்போனாள். பெரிய கடைத்தொகுதி ஒன்றின் மேல்மாடியில் கண்ணாடித் தொட்டிகள் வைத்திருந்தார்கள். உள்ளே சிறு சிறு மீன்கள். காசு கொடுத்துவிட்டு வாங்கில் உட்கார்ந்து காலைத் தொட்டிக்குள் விட்டால், மீன்கள் வந்து பாதத்தில் உள்ள பழந்தோலைக் கொத்தித் தின்னுமாம். "விடுங்கம்மா, ஒங்க வெடிச்ச காலுக்கு நல்லது" என்று மகள் குனிந்து என் செருப்பைக் கழற்றப் பார்த்தாள். அத்தனை பேர் முன்னால் நான் சத்தம் போட்டுவிட்டேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்றுகூட ஞாபகம் இல்லை. மகளின் முகம் சுருங்கிப்போயிற்று. அம்மாவுக்கு மீன் என்றால் அருவருப்பு என்று அவளாக நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

என் வயதுக்காரர்களே, உங்களிடம் சொல்லலாம். விடிவதற்கு முன் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்றவர்கள் நீங்கள். சங்கக்கடைக் கதவைத் திறந்து மனேஜர் கையை விரித்துக் காட்டியதைப் பார்த்தவர்கள். எழுபத்துமூன்று, எழுபத்துநாலு என்று சொன்னாலே உங்கள் வயிற்றுக்குப் புரியும். பின்னால் பிறந்த பிள்ளைகளுக்கு எண்பத்துமூன்று கலவரம் தெரியும், யுத்தம் தெரியும். தோட்டங்களில் வந்த அந்தப் பசியைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. நான் சொல்லாததற்கு வேறு காரணம் இருக்கிறது.

எங்கள் தோட்டம் மாத்தளைப் பக்கம் பலாபத்வலைக்கு மேலே இருந்தது. கண்டி ரோட்டிலிருந்து பிரிந்து ஏறினால் முதலில் ரப்பர், அதற்கு மேலே கொக்கோ, அதற்கும் மேலே பாறைக் காடு. காட்டிலிருந்து ஓர் ஓடை இறங்கி வந்து, நாங்கள் இருந்த வரிசை வீடுகளான லயத்துக்குச் சற்று மேலே ஒரு சரிந்த பாறையில் விழுந்து, கீழே சின்ன மடுவாகத் தேங்கி, மறுபடி கற்களுக்குள் நுழைந்து சுதுகங்கைப் பக்கமாக ஓடும். மடுவின் ஓரப் பாறையில் ஒரு சூலமும் சுண்ணாம்பு பூசிய கல்லும் இருந்தன. அதுதான் முனியாண்டி. மடுவுக்குப் பெயரும் முனி மடு.

அந்த மடுவில் இருந்த மீனை நாங்கள் கல்லொட்டி என்போம். நாட்டுப் பக்கத்துச் சிங்களப் பிள்ளைகள் கல் பாடியா என்பார்கள். நடுவிரல் நீளம் இருக்கும். முதுகு பாசி பிடித்த பாறையின் நிறம், வயிறு வெள்ளை, அடிப்பக்கம் தட்டை. வாய் முகத்தில் இருக்காது, தலைக்குக் கீழே இருக்கும். வாய்க்குப் பின்னால் சட்டைப் பொத்தான் போல வட்டமாக ஒரு தசை. அதைப் பாறையில் அழுத்திக்கொண்டு, தண்ணீர் எவ்வளவு வேகமாக விழுந்தாலும் அசையாமல் நிற்கும். நின்றபடியே பாசியைச் சுரண்டும். பாறை என்று நினைத்துக் கையை வைத்தால் பாறையின் ஒரு துண்டு கழன்று ஓடும். ஓடும் தண்ணீர் இல்லாமல் அதனால் இருக்க முடியாது. ஒருமுறை ஒன்றை ஜாம் போத்தலில் பிடித்து வந்து ரப்பர் மரத்தடியில் ஒளித்து வைத்தேன். சாயங்காலம் பார்த்தபோது வெள்ளை வயிறு மேலே தெரிந்தது. பயந்துபோய்ப் போத்தலோடு புதைத்துவிட்டேன். ஏனென்றால் அந்த மீன்கள் முனியின் பிள்ளைகள். அவற்றை யாரும் பிடிப்பதில்லை, தின்பதில்லை. வருடத்துக்கு ஒருமுறை படையலின்போது பூசாரி பொரியைத் தூவுவார். மீன்கள் மேலே வந்தால் முனி ஏற்றுக்கொண்டார் என்று குலவை போடுவார்கள்.

பிடிக்கத்தான் கூடாது. காலை விடலாம். பாறையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் கொஞ்ச நேரத்தில் வந்து மொய்க்கும். பூனை நாக்கால் நக்குவது போல ஒரு சொரசொரப்பு. கூச்சத்தில் நாங்கள் கத்துவோம். ரப்பர் பால் வெட்டும் கத்தி பட்டு அப்பாவுக்குக் கெண்டைக்காலில் ஒரு புண் வந்து மாதக்கணக்காக ஆறாமல் இருந்தது. பூசாரி சொன்னபடி தினமும் மடுவில் காலை வைத்தார். மீன்கள் அழுகலைத் தின்று சுத்தமாக்கிவிட்டன. அன்றிலிருந்து அப்பாவுக்கு முனி என்றால் உயிர்.

பசி ஒரே நாளில் வரவில்லை. முதலில் மாவு நின்றது. பிறகு கூப்பன் அரிசி குறைந்தது. பிறகு தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றார்கள். மரவள்ளிக் கிழங்கு முடிந்ததும் மரவள்ளி இலை. பலாக்கொட்டை. காட்டில் தோண்டிய பெயர் தெரியாத கிழங்கு; அதைத் தின்று இரண்டு பேர் வாந்தியெடுத்தார்கள். பிள்ளைகளான நாங்கள் கொக்கோக் காயை உடைத்து விதையைச் சுற்றியிருக்கும் வெள்ளைச் சதையை உறிஞ்சுவோம். புளிப்பும் இனிப்புமாக இருக்கும். காவல்காரன் கண்டால் பிரம்பால் விளாசுவான். அடுத்த லயத்திலிருந்து ஒரு குடும்பம், வவுனியாப் பக்கம் காடு வெட்டிப் பிழைக்கப் போவதாகச் சொல்லிப் பாய் சட்டியோடு ரோட்டில் இறங்கி நடந்தது. அவர்கள் போகும்போது கூடையில் ஒரு கோழி இருந்தது. எங்கள் பக்கத்தில் நான் பார்த்த கடைசிக் கோழி அதுதான்.

எனக்குப் பத்து வயது. தம்பிக்கு மூன்று. லொடலொடவென்று பேசுகிற பிள்ளை அவன். அந்த வருடம் பேச்சு குறைந்து, பிறகு நடையும் குறைந்து, வாசல்படியில் வைத்த இடத்திலேயே இருப்பான். கூப்பிட்டால் திரும்பமாட்டான். அழுகையும் இல்லை, முனகல்தான். தலைமயிர் செம்பு நிறமாகிவிட்டது.

பிறகு அவன் கொழுக்கத் தொடங்கினான்.

ஆமாம், அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். கன்னம் உப்பியது. பாதம் மொழுமொழுவென்று ஆயிற்று. வேலையிலிருந்து வந்த அப்பா அவன் காலைப் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். "பாரு, இந்தப் பஞ்சத்துலயும் சதை போட்டிருக்கான். நம்ம வயித்தக் கட்டுனது வீண் போகல" என்றார். அம்மாவும் அப்பாவும் தங்கள் பங்குக் கஞ்சியை அவனுக்குத்தான் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்து மருந்துக்கார ஐயா வயிற்றைத் தட்டிப் பார்த்து, பூச்சி என்று சொல்லி ஒரு மருந்து கொடுத்தார்.

கித்துள் மரத்துக் கருப்பட்டி கொண்டுவரும் ஒரு சிங்கள அக்கா இருந்தார். அந்த நாட்களில் கருப்பட்டி வாங்க யாரிடமும் வழியில்லை; ஆனாலும் அவர் வழக்கம் விடாமல் ஏறி வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டுப் போவார். ஒருநாள் அவர் தம்பியின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் அந்த இடம் பள்ளமாகவே கிடந்தது. ஈரக் களிமண்ணில் அழுத்தியது போல.

"மேக்க மஸ் நெவெய், வத்துர" என்றார் அம்மாவிடம். பிறகு எனக்கும் விளங்கட்டும் என்று தன் தமிழில் சொன்னார். "இது சதை இல்ல நங்கி. தண்ணி. எங்க ஊர்லயும் ரெண்டு புள்ளைக்கி இப்புடி. முட்டை குடு. மீன் குடு. கஞ்சித் தண்ணி மட்டும் குடுத்தா இந்தப் புள்ள இருக்காது."

"முட்டைக்கு எங்க அக்கே போவேன்?" என்றாள் அம்மா.

அந்த அக்கா கருப்பட்டியில் ஒரு துண்டை உடைத்துத் தம்பி கையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

இரண்டு மூன்று நாள் கழித்து, அப்பா வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அம்மா தம்பியைக் குளிப்பாட்டப் போவதாகச் சொல்லி இடுப்பில் தூக்கிக்கொண்டு மேலே ஏறினாள். குளிக்கும் பீலி கீழே அல்லவா இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. பின்னாலேயே போய்க் கொக்கோ மரங்களுக்குள் நின்றேன்.

அம்மா மடுவின் ஓரத்தில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். பிறகு பாறையில் உட்கார்ந்து, தம்பியை மடியில் வைத்து, வீங்கிய அந்த இரண்டு கால்களையும் தண்ணீருக்குள் விட்டாள். தோல் அங்கங்கே வெயிலில் காய்ந்த சுண்ணாம்பு போல உரிந்திருந்தது. மீன்கள் வந்தன. எங்கள் கால்களுக்கு வந்ததைவிட அதிகமாக வந்தன. பாறையின் நிறமே நகர்ந்து அவன் கால்களைச் சுற்றிக்கொண்டது போல இருந்தது. தம்பி குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தவன் திடீரென்று சிரித்தான். கிட்டத்தட்ட ஒரு மாதமாக அந்தச் சிரிப்பை நாங்கள் கேட்டிருக்கவில்லை.

அம்மாவின் கை தண்ணீருக்குள் இருந்தது. சேலைத் தலைப்பை அவன் பாதங்களுக்கு அடியில் விரித்துப் பிடித்திருந்தாள். அவன் சிரிக்கும்போதே முனைகளைச் சேர்த்துத் தூக்கினாள். துணிக்குள் மீன்கள் துள்ளின. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சூலத்தைப் பார்த்துச் சொன்னாள்: "முனியப்பா, கோவிச்சுக்காத. ஒங்கிட்ட நெறைய இருக்கு. எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு."

கொக்கோ மரத்துக்குப் பின்னால் நின்று நான் அதைக் கேட்டேன். ஒண்ணுதான்.

இப்போது அந்தச் சொல் எனக்கு விளங்குகிறது. சாகக் கிடக்கும் பிள்ளையை மடியில் வைத்திருப்பவளுக்கு அந்த நேரத்தில் ஒரு பிள்ளைதான். பத்து வயதில் அது விளங்காது.

அதன் பிறகு பல மத்தியானங்கள் அம்மா அப்படிப் போனாள். வீட்டில் மீனின் வயிற்றைக் கீறி, கறுப்புப் பாசியைப் பிதுக்கி எறிவாள். அதை எடுக்காவிட்டால் கசக்கும். மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, முள்ளை எடுத்துவிட்டு, விரலால் மசித்துக் கஞ்சியில் கரைத்து ஊட்டுவாள். அப்பா வருவதற்குள் முள்ளை அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்துவிடுவாள். எனக்குத் தந்ததில்லை. நான் கேட்டதும் இல்லை. கேட்டால் அது எந்த மீன் என்று எனக்குத் தெரியும் என்பது தெரிந்துவிடும். ஆனால் அந்த வாசனை! வெந்த மீனின் வாசனை அந்தச் சிறிய காம்பராவில் மூலைக்கு மூலை நின்றது. நான் வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என் புறங்கையை நக்குவேன். உப்பாக இருக்கும்.

இரண்டு வாரம் இருக்கலாம். தம்பி தலையைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினான். "அக்கா" என்றான். ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். கூடவே வீக்கம் வற்றியது. வற்ற வற்ற, உள்ளே இருந்த பிள்ளை வெளியே தெரிந்தான். குச்சிக் கால்கள். எண்ணிவிடக்கூடிய விலா எலும்பு. ஒட்டிப்போன கன்னத்தில் பெரிய பெரிய கண்கள்.

லயமே பதறியது. "என்னாடி, நல்லாத்தானே இருந்தான், திடீர்னு இப்புடிக் கரைஞ்சு போறானே" என்று பெண்கள் வந்து வந்து பார்த்தார்கள். அப்பா அவனைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "பாரம் கொறைஞ்சு போச்சு" என்றார். அம்மா மட்டும், "எந்திரிச்சு நிக்கிறான், அதப் பாருங்க. பேசுறான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரும் அதைப் பார்க்கவில்லை. எலும்பைத்தான் பார்த்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பூசாரி மடுவில் தேங்காய் உடைத்தார். பஞ்சத்திலும் முனிக்கு வாரத்துக்கு ஒரு தேங்காய் எப்படியோ கிடைத்தது. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சில்லுத் தருவார். அதற்காகவே கூட்டமாகப் போவோம். பூசாரி பால் வெட்டும் தொழிலாளிதான். கெட்ட மனிதர் இல்லை. பிள்ளைகளுக்குக் கொடுத்த பிறகுதான் தன் வாயில் போடுவார். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். நான் நின்றேன்.

"என்னா பாப்பா?"

"பூசாரி மாமா, மடு மீனத் தின்னா முனி என்னா செய்வாரு?"

"ஏன் கேக்குற?"

சொல்லிவிட்டேன். சேலையை விரித்ததை, தம்பியின் காலை விட்டதை, எல்லாவற்றையும். முனி தம்பியைக் கொன்றுவிடுவார் என்று பயந்துதான் சொன்னேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பயமும் இருந்தது, பொய்யில்லை. ஆனால் எனக்குத் தராத மீனும் இருந்தது. ஒண்ணுதான் என்ற சொல்லும் இருந்தது. பூசாரி இன்னொரு சில்லை உடைத்துக் கொடுத்து, "யாருகிட்டயும் சொல்லாத, போ" என்றார். அந்தச் சில்லை வழியிலேயே தின்று முடித்தேன். நல்ல முற்றின தேங்காய்.

அன்று சாயங்காலம், பேர் பதியும் பெரட்டுக் களத்திலிருந்து ஆட்கள் திரும்பிய பிறகு, வெளிச்சம் இருக்கும்போதே பூசாரிக்குச் சாமி வந்தது. லயத்து வாசலில், எல்லோர் முன்னாலும். உடம்பு முறுக்கிக்கொண்டு கண் சொருகி ஆடினார். அவர் நடித்தார் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

"எம் மடுவுல கை வச்சது யாரு? புள்ளையோட கால எரையா விட்டு, சேலைய விரிச்சு எம் புள்ளைங்கள வாரிக்கிட்டுப் போனது யாரு? யாருங் காணலன்னு நெனச்சியா? நாங் கண்டேன்!"

அம்மா வெட்டிச் சாய்த்தது போல மண்ணில் விழுந்தாள். "நாந்தான் சாமி, நாந்தான்." அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. வாசல்படியில் உட்கார்ந்தார்.

"என்னா காரியம் பண்ணிட்ட? எங் கால ஆத்துன சாமிடி. அதனாலதானே புள்ள இப்புடி உருகுறான்?"

"சிரிச்சான்" என்றாள் அம்மா. "தண்ணில கால விட்டதும் புள்ள சிரிச்சான்."

தீர்ப்பு வந்தது. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அந்த வீட்டில் கவிச்சி வாடையே கூடாது. அம்மா தினமும் ஈரச் சேலையோடு மடுவைச் சுற்ற வேண்டும். பிள்ளைக்குத் திருநீறு கரைத்த தண்ணீரும் கஞ்சித் தெளிவும் மட்டும். அப்பா தலையாட்டினார். அம்மாவும் தலையாட்டினாள். யாரும் பார்க்காத ஒன்றைச் சாமி பார்த்துச் சொன்ன பிறகு அவள் வேறு என்ன செய்வாள்?

தம்பிக்கு மறுபடி கன்னம் உப்பியது. பாதம் மினுமினுத்தது. "முனி மன்னிச்சிட்டாரு. பாரு, சதை புடிச்சிட்டான்" என்று பெண்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்கள். அப்பா பல நாளைக்குப் பிறகு சிரித்தார். கருப்பட்டிக்கார அக்கா ஒருநாள் வந்தார். தம்பியின் காலை அழுத்திப் பார்த்தார். வெற்றிலையும் போடாமல் இறங்கிப் போய்விட்டார்.

மண்டலம் முடிவதற்கு முன்னமே, ஒரு காலையில், மறுபடி கூப்பிட்டால் திரும்பாதவனாகியிருந்த தம்பி தொட்டாலும் திரும்பவில்லை. முகம் உருண்டையாக, குண்டுப் பிள்ளையாகவே கிடந்தான். குழிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது யாரோ சொன்னார்கள், "பாத்தா செத்த புள்ள மாதிரியா இருக்கு" என்று.

அதற்குப் பிறகு லயத்தில் மேலும் மூன்று பிள்ளைகள் அதே போல ஊதிச் செத்துப்போனார்கள். அவர்கள் யாரும் முனியின் மீனைத் தொட்டதில்லை. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் காட்டில் மீனை மயக்கும் காரைக்காயை ஒரு சாக்கு நிறையப் பறித்து வந்து, பாறையில் வைத்து இடித்து, ஓடையை மேலே மண் போட்டு அடைத்து, மடுவில் கரைத்தார். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க. கல்லொட்டிகள் பாறையை விட்டுவிட்டு ஒவ்வொன்றாக மேலே வந்து மல்லாந்தன. மடு வெள்ளையாகிவிட்டது. லயத்து ஆட்கள் போனார்கள், சட்டி எடுத்து வந்தார்கள், அள்ளினார்கள். கடைசியாகப் பூசாரி வந்து நின்றார். அவருக்கும் வீட்டில் ஒரு சிறு பிள்ளை இருந்தது. அப்பா அவரையே பார்த்தார். பூசாரி தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்தார். அப்பா இரண்டு கையாலும் அள்ளி அதில் போட்டார்.

அம்மா வரவில்லை. அப்பா கொண்டுவந்த மீனை உள்ளே எடுக்க விடவில்லை. கதவில் கையை விரித்து நின்றாள். அப்பா வாசலில் மூன்று கல்லை வைத்துத் தானே சமைத்து எனக்குக் கொடுத்தார். "தின்னு. செத்தா எல்லாருஞ் சாவோம்." தின்றேன். பாசியைப் பிதுக்க அப்பாவுக்குத் தெரியவில்லை. கசந்தது. அப்படியும் விடாமல் தின்றேன். அம்மா உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அப்பா அதன் பிறகு முனி பக்கம் போகவில்லை. பூசாரி குடும்பம் பாஸ்போர்ட் கிடைத்து இந்தியாவுக்குப் போய்விட்டது. சில மழைக்குப் பிறகு மேலோடையிலிருந்து மீன்கள் மடுவுக்குத் திரும்ப வந்தன. அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அங்கே போய் விழுந்து கும்பிட்டு வந்தாள். மீனோ கருவாடோ அவள் வாயில் வைத்ததில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் போயிற்று. எண்பத்துமூன்றில் மாத்தளை டவுனில் கடைகள் எரிந்த புகையை மலையிலிருந்து பார்த்ததும் அதற்குள் அடங்கும். எட்டாம் வகுப்பு வரை படித்திருந்த எனக்குத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை கிடைத்தது. எங்களைப் போன்ற சிலரை டவுனுக்கு அழைத்து ஒரு வாரம் வகுப்பு வைத்தார்கள். சொல்லித் தந்தவர் ஒரு முஸ்லிம் நர்ஸ் அம்மா. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அவர் சுவரில் ஒரு படத்தை மாட்டினார். உப்பிய கன்னம், செம்பட்டை மயிர், உரிந்த தோல், மொழுமொழுவென்ற கால்.

"இத பாத்து கொழுத்த புள்ளன்னு ஏமாந்துராதீங்க" என்றார். "இது பசி. கஞ்சி மட்டும் குடிச்சு, முட்டை மீன் பருப்பு ஒண்ணும் இல்லாமப் போன ஒடம்பு. அதக் குடுத்தா வீக்கம் வத்தும். வத்தும்போது புள்ள எலும்புந் தோலுமாத் தெரியும். தாய்மார் பயந்துருவாங்க. நீங்கதான் அவங்களுக்குச் சொல்லணும், பயப்பட வேணாம், அதுதான் தேறுற அடையாளம்னு."

மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் பென்சிலைப் பிடித்தபடி இருந்தேன். அவர் அந்தப் பேச்சை முடித்து வேறு எதற்கோ போய்விட்டார். பாதத்தில் அந்தச் சொரசொரப்புத் தெரிந்தது, செருப்புக்குள்ளே. இன்றுவரை அது அவ்வப்போது வரும், தண்ணீர் வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பாரத்தை இறக்கி வைக்கப் போகிறேன் என்று நினைத்து வழியெல்லாம் வேகமாக நடந்து வந்திருந்தேன்.

"அம்மா, நீங்க தம்பிக்கு மீன் குடுத்தது சரிம்மா. அதுதான் அவனுக்கு மருந்து. எளச்சது தேறுனதாலதான். நிப்பாட்டுனதுதான் பிழை. முனி ஒண்ணுஞ் செய்யல."

முறம் நின்றது. அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப முனிக்கு எப்புடித் தெரிஞ்சிச்சு?" என்றாள்.

"என்னாம்மா?"

"மடுவுல அன்னிக்கி ஒரு குஞ்சு இல்ல. நான் நாலு பக்கமும் பாத்தேன். ஒங்கப்பாகிட்டகூட நான் மூச்சு விடல. சேலைய விரிச்சது, புள்ள கால விட்டது, அவ்வளவும் அப்புடியே சாமி வாயில வந்துச்சே. நீ சொல்ற மாதிரி சாமி இல்லன்னா, அத யாரு சொன்னது?"

அவள் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. இரண்டு சொல் போதும். வாயைத் திறந்தேன்.

"சாமிக்குத் தெரியாதது உண்டாம்மா" என்றேன்.

அம்மா மூச்சை விட்டாள். "அதான் பாரு" என்று மறுபடி முறத்தை எடுத்தாள். "டவுனுல படிச்சவங்களுக்கு இதெல்லாம் வெளங்காது."

அம்மா போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. செத்துப்போன என் கணவரிடமும் இல்லை, மகளிடமும் இல்லை.

டவுனில் வகுப்பு நடந்த அந்த வாரம் வெள்ளிக்கிழமை அம்மா என்னையும் மடுவுக்குக் கூட்டிப்போனாள். நான் முனியைப் பழித்துவிட்டேனாம், பரிகாரம் செய்ய வேண்டுமாம். ஈரப் பாறையில் நெற்றி படும்படி விழுந்து, அவள் சத்தமாகவே வேண்டிக்கொண்டாள். "நாஞ் செஞ்ச தப்புக்கு ஒரு புள்ளைய எடுத்துக்கிட்ட. இவ ஒண்ணும் அறியாதவ. இவளையாவது எனக்கு விட்டு வை."

நான் பக்கத்தில் கைகூப்பி நின்றுகொண்டிருந்தேன்.